ஒரு பக்கம் மட்டும் கேட்கும் குரல்

திருநள்ளாறு சனீசுவரனைத் தரிசிக்க வருகிறவர்களை நம்பி நடக்கும் காரைக்கால் விடுதிகளில், வெள்ளிக்கிழமை மாலையில் போன் ஓயாது. அப்படிப்பட்ட ஒரு வெள்ளியன்று ஒரு விடுதியின் வெளி லைன் செத்துக் கிடந்தது. சரிசெய்யப் போன இளைஞரோடு நானும் போனேன். கேமரா, இன்டர்காம், வைஃபை எல்லாம் பார்ப்பவர்.

அங்கே இருப்பது இணையத் தொலைபேசி. அறைகளில் ஐபி போன்கள், மாடிப்படிக்குக் கீழே அவற்றை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி. முந்தின நாள்தான் இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தார்கள். புது ரூட்டர் வந்தது, வைஃபை கிடைத்தது, மாட்டியவர் போய்விட்டார். போனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

தம்பி உடனே லேப்டாப்பைத் திறக்கவில்லை. மேலாளரிடம் கேட்டார்: “அண்ணே, ரூமுக்கு ரூம் பேச முடியுதா?”

“அது பேசுது தம்பி. வெளியதான் போகல. ரிசப்ஷன் போன் மட்டும் மொத்தமா போச்சு.”

இந்தப் பதிலிலேயே பாதிக் கோளாறு பிடிபட்டுவிட்டது. பழைய ரூட்டரின் உள்முகவரி 192.168.1.1; புதியதற்கு 192.168.0.1. அறைப் போன்களிலும் பெட்டியிலும் முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்ததால், அவை சுவிட்ச் வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டன. ஆனால் வெளியே போகும் வாசலாக அவை நம்பியிருந்த எண்ணில் இப்போது யாருமில்லை. ரிசப்ஷன் போனோ தானாக முகவரி வாங்கும் ரகம். புது ரூட்டர் கொடுத்த எண்ணை வாங்கிக்கொண்டு, பெட்டியை எட்ட முடியாமல் நின்றது.

ஒவ்வொரு அறையாக ஏறி எண்ணை மாற்றலாம். அவர் செய்தது வேறு: ரூட்டரின் உள்முகவரியையே 192.168.1.1 ஆக்கினார். ஒரே இடத்தில் திருத்தம். எல்லாப் போன்களும் உயிர்பெற்றன. எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதும் தொழில்திறமைதான்.

வெளி லைனில் அவருடைய கைபேசிக்கு அழைத்துப் பார்த்தோம். மணி அடித்தது, மேலாளர் குரல் அவருக்குக் கேட்டது. அவர் பேசியது மேலாளருக்குக் கேட்கவில்லை.

“ஒரு பக்கம் மட்டும் கேக்குதுன்னா மொதல்ல வெளி ஐபியத்தான் பாக்கணும் சார். வீடு மாறிட்டு, பதில பழைய வீட்டுக்கே போடச் சொன்ன கதை.”

உண்மை அதுதான். இந்தப் போன்கள் பேசுவது சிப் (SIP) என்ற முறையில். அழைப்பை ஏற்படுத்துவது சிப்பின் வேலை. குரல் தனிப் பாதையில் போகிறது. ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று எதிர்முனைக்குச் சொல்வது பெட்டி. அதில் பழைய நிறுவனம் தந்த முகவரியே பதிவாகியிருந்தது.

ரூட்டரின் வெளிமுகவரி 100.64-இல் தொடங்குகிறதா என்று முதலில் பார்த்தார். 100.64 முதல் 100.127 வரை என்றால் அது பலருக்கும் சேர்த்துக் கொடுத்த பொதுவழி. பெட்டியில் வெளிமுகவரியைத் திருத்தும் வைத்தியம் அதற்குப் பலிக்காது. இங்கே அப்படியில்லை. பெட்டியில் எண்ணுக்குப் பதிலாக ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயரை எழுதினார். இனி ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்து ரூட்டர் புது முகவரி வாங்கினாலும், அந்தப் பெயரைத் தேடிப் பெட்டி புது எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளும். குரலுக்கான போர்ட்டுகளைப் புது ரூட்டரில் திறந்தார். சிப் செய்தியில் ரூட்டர் தானாகக் கைவைக்கும் ‘சிப் ஏஎல்ஜி’ வசதியை அணைத்தார். உதவிக்கென்று வைத்த அது பல ரூட்டர்களில் உபத்திரவம்தான்.

வெளியிலிருந்து வந்த முதல் அழைப்பு பாரிசிலிருந்து. 1962-இல் காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஊருக்கு வரும் பிள்ளைகள் அறை கேட்பது இந்த எண்ணில்தான்.

கூலி பேசும்போது மேலாளர், “நம்பர மாத்துனதுக்கா இவ்ளோ?” என்றார். எனக்குக் கோபமே வந்தது. எந்த எண்ணை, எங்கே மாற்றுவது என்ற அறிவுக்குத்தான் அந்தக் கூலி. அது நியாயமான கூலி.

விடுதியோ மருத்துவமனையோ கடையோ நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரூட்டர் மாற்றும் நாளில் போன் பார்ப்பவரையும் கூப்பிடுங்கள். பழைய ரூட்டரின் செட்டிங் பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே அதைக் கழற்ற விடுங்கள்.