நடந்து வரும் வைத்தியம்

இங்கிலாந்தில் குடியேறியவனை முதலில் வியக்க வைப்பது, 1948 ஜூலை 5-ஆம் தேதி தொடங்கிய அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவையில், டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவனிடம் எவரும் காசு கேட்பதில்லை என்பது. அடுத்து அவன் அறிந்துகொள்வது, அந்த டாக்டரைப் பார்ப்பதற்குள் பொறுமையின் எல்லையைத் தொட்டுவிட வேண்டியிருக்கும் என்பது. அண்மைக்கால விசேஷம் ஒன்றும் உண்டு. 2020 அக்டோபரில் அந்த ஸ்தாபனம், தன் நேரடிக் கரிய உமிழ்வை 2040-க்குள் நிகரப் பூஜ்யமாக்குவதென்று சங்கற்பம் செய்துகொண்டது.

வியாதிக்கும் ஆகாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு என் சட்டைப்பையையே காட்டலாம். ஆஸ்துமாக்காரனான நான் நெடுநாள் உபயோகித்த இன்ஹேலரில், அழுத்தியதும் மருந்தைப் பீய்ச்சித் தள்ளும் வாயு பூமியை வெப்பமாக்குவது. அவ்வகை இன்ஹேலர்களால் மட்டுமே அச்சேவையின் கரிய உமிழ்வில் சுமார் 3 சதவீதம் உண்டாகிறது. தூளாக உறிஞ்சும் இன்ஹேலருக்கு என்னை மாற்றுமுன், ஒரு சிறு குழாயைக் கொடுத்து, பலமாக மூச்சை இழுக்கச் சொல்லிப் பரீட்சித்தார்கள். சின்னஞ்சிறு குழந்தைக்கும் தளர்ந்த முதியவருக்கும் அந்த வலு இராது. அவர்களுக்குப் பழையதே தொடர்கிறது. முதலில் மூச்சு, பிறகுதான் ஆகாயம் என்ற இந்த வரிசைக்கிரமம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நோயாளிகளும் ஊழியர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் பிரயாணமும் அந்தக் கரியக் கணக்கில் சேர்த்தியே. இந்த அம்சத்தில், சேலம்–ஜோலார்பேட்டை ரயில் மார்க்கத்திலுள்ள என் ஊரான பொம்மிடி, சீமைக்குப் பாடம் சொல்லும் நிலையில் இருக்கிறது என்பதை விடுமுறையில் சென்றபோது கண்டேன். முன்பெல்லாம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளுக்காக ஒரு பகல் முழுவதையும் பஸ்ஸிலும் வரிசையிலும் கழித்த என் தாயார் திண்ணையில் உட்கார்ந்திருக்க, தமிழக சர்க்காரின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலரான பெண்ணொருத்தி தோள்பையோடு நடந்தே வந்தாள். "செத்த நேரம் பேசாம உக்காரு ஆயா" என்று அதட்டி, பிறகே கையில் பட்டையைச் சுற்றினாள். காலி அட்டைகளை வாங்கிப் பார்த்து, மீந்திருந்த மாத்திரைகளைக் கழித்துக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தாள். சீமையில் குழு அமைத்து, அறிக்கை எழுதிச் சாதிக்க முயலும் காரியம் எங்கள் திண்ணையில் கால் மணியில் முடிந்துவிட்டது.

இத்திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது, 2004 வரையில் எங்கள் தர்மபுரி ஜில்லாவிலேயே இருந்து, இப்போது கிருஷ்ணகிரியைச் சேர்ந்ததாகிவிட்ட சாமனப்பள்ளியில் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் உண்டு. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. ஆனால், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்து வெயிலில் வீடுவீடாக ஏறியிறங்கும் இப்பெண்கள் பெறுவது ஊக்கத்தொகைதானே ஒழிய உத்தியோகச் சம்பளமன்று. தன்னார்வலர் என்ற கௌரவப் பெயரால் அடுப்பெரியாது. விருதைப் பெற்றுக்கொண்ட சர்க்கார், அதை நடந்தே சம்பாதித்துக் கொடுத்தவர்களுக்கு நிரந்தரச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும்.