1:500-ல் காணாமல் போகும் பீலி

வீட்டுப் பிளான் வரையிற வேலை என்றால் கோடு போடுவதுதான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பதுளையில் ஒரு சின்ன ஆபீசில் ஆட்டோகேடில் வரைகிறவளாகச் சொல்கிறேன், கோடு லேசு. பாடாய்ப் படுத்துவது எழுத்தும் குறிகளும்தான்: கதவு நம்பர், வடக்கு காட்டும் அம்பு, வெட்டுமுகக் குறி, 'கான்', 'பீலி' மாதிரிப் பெயர்கள்.

சுவரை கம்ப்யூட்டரில் நிஜ அளவிலேயே வரைகிறோம். 1:100-ல் பிரிண்ட் எடுத்தால் அது நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். எழுத்து அப்படிச் சுருங்கினால் யாரும் வாசிக்க முடியாது. எந்த ஸ்கேலானாலும் பேப்பரில் 2.5 மில்லிமீட்டராவது இருந்தால்தான் சைட்டில் நிற்கிற மேசன் பாஸுக்குத் தெரியும். அதனால் 1:100-க்கு 250 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதணும், 1:500-க்கு 1250. அதாவது, ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் 'பீலி'! முன்பெல்லாம் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் தனித்தனியாக எழுதி, தனித்தனி லேயரில் வைப்பார்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றதையெல்லாம் தேடித் திருத்தணும்.

ஆட்டோகேட் 2008-ல் 'அன்னோடேட்டிவ்' வசதி வந்தது. ஒரே குறிதான். அது எந்தெந்த ஸ்கேலில் தெரியணும் என்று பட்டியல் கொடுத்துவிட்டால், அளவை சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத ஸ்கேலில் அந்தக் குறி அழியாது, ஃபைலுக்குள்ளேயே இருக்கும். ஆனால் பிரிண்டில் வராது.

இந்தப் பட்டியல்தான் என்னை யோசிக்க வைத்தது. 10-க்கு 12 அடி லயக் காம்பரா ஒன்றை எடுங்கள். 1:50-ல் அது ஏறத்தாழ 6-க்கு 7 சென்டிமீட்டர். அடுப்பு, இஸ்தோப்பு எல்லாவற்றுக்கும் பேர் எழுதலாம். 1:500-ல் 6-க்கு 7 மில்லிமீட்டர், ஒரு சொல்கூட ஒழுங்காக நிற்காது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் ஒரு காம்பரா மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. முழு லயமே ஒரு சின்னக் கறுப்புக் கீற்று. இடமில்லாதபோது எதையாவது விட்டுத்தான் ஆகணும். எதை விடுவது என்று யார் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு 1:50,000-லும் 1:10,000-லும் மண்சரிவு அபாய வரைபடங்கள் போட்டிருந்தது. அந்த இடம் ஆபத்து, ஆட்கள் விலகணும் என்றும் முன்பே சொல்லப்பட்டிருந்தது. 1:10,000-ல் 12 காம்பரா உள்ள ஒரு லயம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. மலைக்கு நிறம் பூச அந்த ஸ்கேல் போதும். எந்தக் காம்பராவுக்கு முன்னால் தண்ணி ஊறுது, ராத்திரியில் எந்தப் பாதையால் ஓடணும் என்பதெல்லாம் 1:500-லும் 1:100-லும்தான் தெரியும். அந்த ஸ்கேலில் வரைகிறவர்கள் என்னை மாதிரி ஆட்கள்.

தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் கட்டப்பட்டிருக்கின்றன. 1:500 சைட் பிளானில் அந்தக் காணி முழுவதும் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும். அங்கே கதவு நம்பரையும் ஜன்னல் நம்பரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். மேலேயிருந்து வரும் கான், மண் தாங்கு சுவர், சரிவின் திசை காட்டும் அம்பு, பீலி, இந்த நாலும் எல்லா ஸ்கேலிலும் இருக்கும்.

"சைட் பிளான்ல கான் எதுக்கு தங்கச்சி? பார்க்க அசிங்கமா இருக்கே" என்றார் ஒரு சீனியர் அண்ணன்.

"ஐப்பசி மழைக்கு அந்தத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தா இன்னும் அசிங்கமா இருக்கும் அண்ணே" என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பிளானில் இல்லாத கானுக்கு மேலே நாளைக்கு யாராவது ஒரு குசினியை இழுத்துக் கட்டுவார்கள். கட்டுகிறவர் மேல் தப்பில்லை, அவர் கையில் இருக்கிற தாளில் அங்கே வெறும் வெள்ளைதான். நீங்களும் வரைகிற ஆள் என்றால், பிரிண்ட் கொடுக்கும் முன்னால் அந்த ஸ்கேல் பட்டியலை ஒரு தடவை திறந்து பாருங்கள்.