வானத்துக் கணக்கப்பிள்ளை

ஆன்டாரியோ ஏரியின் தென்கிழக்கு மூலையில், நியூயார்க் மாநிலத்தின் வயல்களும் சதுப்பு நிலமும் முடிந்து நீர் தொடங்கும் இடத்தில், டெர்பி ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. அதைக் குன்று என்று சொல்ல நம்மவர்களுக்கு மனம் வராது. அருகிலுள்ள சிற்றூருக்கு, யார் வைத்த பெயரோ, மெக்ஸிகோ என்று பெயர். வசந்த காலம் முழுவதும் அந்த மேட்டில் காலை முதல் மாலை வரை ஒருவர் நின்றுகொண்டு, வடக்கு நோக்கிப் பறக்கும் வல்லூறுகளையும் கழுகுகளையும் எண்ணுகிறார் என்றும், அதற்கென்றே அவரை அமர்த்தியிருக்கிறார்கள் என்றும் சிரக்யூஸ் நகரில் வசிக்கும் நண்பர் சொன்னபோது, இப்படியும் ஓர் உத்தியோகம் உண்டா என்ற ஆச்சரியத்தைவிட, அதைச் செய்கிறவர் எப்படிப்பட்ட மனிதராக இருப்பார் என்ற ஆவலே எனக்கு மேலிட்டது. ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாள் நண்பரின் காரில் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

பறவைகள் இந்த மூலைக்கு வரக் காரணம் ஏரிதான். பெரிய சிறகுள்ள வேட்டைப் பறவை நெடுந்தூரத்தைச் சிறகடித்துக் கடப்பதில்லை. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, உச்சியிலிருந்து சறுக்கிச் சென்று, அடுத்த வெப்பக் காற்றைப் பிடித்து மறுபடியும் ஏறும். குளிர்காலத்துச் சில்லிப்பு நீங்காத ஏரிநீரின் மேல் அத்தகைய காற்று எழுவதில்லை. ஆகவே, கிழக்கு மேற்காக 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அந்த நீர்ப்பரப்பைத் தெற்கிலிருந்து வந்து சந்திக்கும் பறவைகளிற் பெரும்பாலானவை, அதன் மேல் செல்லத் துணியாமல் கரையோரமாகவே கிழக்கே திரும்பி, ஏரி முடியும் மூலையைச் சுற்றிக்கொண்டு தம் வழி போகின்றன. நம் ஏரிகளுக்கும் குளிர்காலத்தில் வருகிற விராலடிப்பானும், பூனைப்பருந்து இனமும் சற்றுத் துணிச்சலாக நீரைக் கடப்பதுண்டு. அகன்ற சிறகு வல்லூறு அப்படியல்ல. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஏப்ரல் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கில் திரண்டு வருவது அதுதான்.

எண்ணுபவர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். தொலைநோக்கி ஒன்று முக்காலியில் நின்றது. இருகண் நோக்கி கழுத்தில் தொங்கியது. பக்கத்திலே ஒரு பலகையில் வரிசையாகச் சில எண்ணும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. இக்காலத்தில் சிலர் ஜபம் எண்ணுவதற்குக் கையில் வைத்துக்கொண்டு ‘டக்’ என்று அழுத்துகிறார்களே, அதே ஜாதிக் கருவிதான். இனத்துக்கு ஒன்றாக அவற்றை ஒதுக்கியிருந்தார். கண் வானத்தை விட்டு இறங்காமலே, எந்தப் பறவைக்கு எந்தக் கருவி என்று அவருடைய விரல்கள் தடவித் தெரிந்துகொண்டதைப் பார்த்தபோது, வீணைக்காரரின் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பானேன் என்று எனக்குத் தோன்றியது.

வட்டமிடும் திரளைக் ‘கெட்டில்’ என்கிறார்கள் இத்தொழிலினர். நூற்றுக்கணக்கான வல்லூறுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுழலும்போது யாராலும் எண்ண முடியாது. அவர் எண்ணவும் முயலவில்லை. கைகட்டிக்கொண்டு காத்திருந்தார். திரளின் உச்சியை எட்டிய பறவைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, சிறகை விறைத்துக்கொண்டு, ஒரே கோட்டில் கிழக்கே சறுக்கத் தொடங்கியபின்தான் விரல் அசைந்தது. வரிசை அடர்ந்தபோது பத்துப் பறவைக்கு ஓர் அழுத்து. வந்திருந்தவர்கள் எல்லாரும் மேகமற்ற நீல வானத்தைப் புகழ்ந்துகொண்டிருக்க, அவர் ஒருவர்தான் அதைத் திட்டினார். வெண்மேகத்தின்மேல் புள்ளியாகத் தெரியும் பறவை நீலத்தில் கரைந்து போய்விடுமாம். சிறகின் வளைவையும் அசைவையும் கொண்டு இனம் பிரிக்கும் வித்தையை எனக்கு விரிவாகவே விளக்கினார். V எழுத்துப்போல் சிறகை உயர்த்தித் தள்ளாடி வருவது வான்கோழிக் கழுகு என்பதைத் தவிர என் மூளையில் எதுவும் தங்கவில்லை.

அவர் கணக்கெழுதும் தாளில் இன்னொரு பத்தி இருந்தது. வெண்தலைக் கழுகு என்று எழுதினால் போதாது. இளையதா, முதிர்ந்ததா என்றும் எழுதவேண்டும். “இதை யார் கேட்கிறார்கள்?” என்றேன். “இன்றைக்கு யாரும் கேட்கவில்லை” என்றார்.

அந்தப் பதிலின் பின்னே ஒரு சரித்திரம் உண்டு. பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்னும் மலைமுகட்டில், இலையுதிர்காலந்தோறும் துப்பாக்கிக்காரர்கள் பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தி வந்ததைப் பொறாமல், ரோசலி எட்ஜ் என்ற மாது 1934-இல் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரவுன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். காவலுக்கு வந்தவர் எண்ணவும் தொடங்கினார். வெண்தலைக் கழுகுக்குத் தலையும் வாலும் வெளுக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை பழுப்பு நிறமே மிகுந்திருக்கும். அந்த வித்தியாசத்தையும் அங்கே குறித்துவைத்தார்கள். பின்னால் கழுகுகளின் இனப்பெருக்கத்தைக் கெடுத்த டி.டி.டி. என்னும் மருந்து பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறியப்பட்டதே 1939-இல்தான்; அதற்கு முன்பே இந்தக் கணக்கு ஆரம்பமாகிவிட்டது. 1935 முதல் 1939 வரை அந்த மலையைக் கடந்த கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு 20. கழுகு இருக்கிறது, குஞ்சு இல்லை என்ற இந்தப் பயங்கரத்தை ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் எடுத்துக்காட்டினார். 1972-இல் அமெரிக்காவில் அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. 2007-இல் வெண்தலைக் கழுகு அழிவின் விளிம்பிலுள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கேள்வி பிறப்பதற்கு முன்பே பதிலில் ஒரு பாதியை எழுதி வைத்தவர்கள், மலைமேல் குளிரில் உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளைகள்.

அதனால்தான் ஒன்றும் வராத மணியும் தாளில் ஏறுகிறது: இத்தனை மணி முதல் இத்தனை வரை, காற்று இந்தத் திசை, வெப்பம் இவ்வளவு, பறவை பூஜ்யம். மார்ச் மாதத்துப் பனிக்காற்றில் பூஜ்யங்களை எழுதுவதுதான் தமக்குக் கஷ்டமாயிருக்கிறது என்றார். ஆயிரம் வல்லூறு வரும் நாளில் எவரும் எண்ணுவார்கள்.

அவருடைய ஜீவனம் விசித்திரமானது. வசந்தத்தில் இங்கே, கோடையில் எங்காவது ஒரு காட்டில் கூடுகளைத் தேடும் வேலை, இலையுதிர்காலத்தில் வேறொரு மலை. ஒரு முறை மெக்ஸிகோ நாட்டின் வெராக்ரூஸுக்கும் போயிருக்கிறார். அங்கே அந்தப் பருவத்தில் கடக்கும் வேட்டைப் பறவைகளின் தொகை பல லட்சம். குளிர்காலத்தில் உணவு விடுதியில் பாத்திரம் கழுவினாராம். இத்தொழிலில் பொதுவாகக் கிடைப்பது தங்க ஓர் இடமும் சொற்ப உதவித்தொகையுமே. பல இடங்களில் அதுவும் இல்லாமல் தொண்டர்களே எண்ணுகிறார்கள். எண்களைச் சேர்த்து அறிக்கை எழுதுகிறவருக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. அந்த அறிக்கையை வைத்து ஆலோசனை கூறுகிறவருக்கு அதைவிட அதிகம் உண்டு. வெயிலிலும் பனியிலும் கழுத்து நோக நின்று முதல் எண்ணை எழுதியவருக்கு மட்டும் அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்பதே நிச்சயமில்லை. நெல்லை விளைவித்தவனைக் களத்திலேயே நிறுத்திவிட்டுத் தரகன் மட்டும் மண்டிக்குள் நுழையும் இந்த ஏற்பாடு, விஞ்ஞானத்திலுமா என்று நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டே போனேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. மேற்கே நைன் மைல் பாயிண்ட் அணுமின் நிலையத்தின் கோபுரத்திலிருந்து எழும் நீராவியைக் கவனித்துக்கொண்டிருந்தவர், அது நிலத்தின் பக்கம் சாயத் தொடங்கியதும், “ஏரிக்காற்று வந்துவிட்டது” என்று சொல்லிப் பலகையைத் தூக்கினார். நண்பகல் வெயிலில் நிலம் சூடேறியதும் ஏரியின் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து, பறவைகளின் பாதையையே தெற்கே தள்ளிவிடும். அப்போது எண்ணுபவரும் தெற்கேயுள்ள மற்றொரு இடத்துக்கு மாறவேண்டும். நாங்களும் பின்னாலே போனோம்.

அங்கே எங்களோடு நின்றிருந்த ஒரு கனவான், தலைக்கு மேலே ஒரு திரள் கடந்து முடிந்ததும், ஆயிரத்துக்கு ஒன்று குறையாது என்று உரத்துச் சொன்னார். கருவி அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை; இளைஞர் கருவி காட்டியதையே எழுதினார். கனவான் எங்களைச் சாட்சிக்கு அழைத்தார். நாங்கள் எண்ணவில்லையே என்று சொல்லிவிட்டு, ஊர் திரும்ப நேரமாகிவிட்டதால் விடைபெற்றுக்கொண்டோம்.