கொம்பு இருந்தால் அம்மாவுக்கு

பெண் பிள்ளையைப் பெற்றவள்தான் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பாள் என்பார்கள். 13 வயதுப் பையனோடு வெளியூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, "அம்மா, ஒண்ணுக்கு" என்று அவன் முந்தானையை இழுக்கும்போது எந்தக் கதவுக்குள் அவனை அனுப்புவது என்று தெரியாமல் விழித்தவளைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் நெருப்புதான்.

என் இளையவனுக்கு டவுன் சிண்ட்ரோம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம் என்றால், இந்தப் பிள்ளைகளுக்கு 21-ஆவது ஜோடியோடு ஒன்று கூடி 47. அந்த ஒன்று கூடிப்போனதால் பேச்சு, நடை, படிப்பு எல்லாம் கொஞ்சம் மெதுவாக வரும். வராமல் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "அவனுக்கு என்னம்மா புரியப் போகுது?" என்று கேட்டவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர்.

2023-ஆம் வருஷம் பழனிக்குப் போய்த் திரும்பும்போது நடந்தது. என் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பையனும் மட்டும். வழியில் ஒரு ஊரில் பஸ் நின்றது. சின்ன வயசிலிருந்து செய்கிற மாதிரியே அவனைக் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் கூட்டிப்போனேன். வரிசையில் நின்ற ஒரு பெண், "ஏங்க, மீசை அரும்புற பையனை இங்கிட்டுக் கூட்டிட்டு வர்றீங்களே?" என்று சத்தம் போட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவர் கூட வயசுக்கு வந்த பெண் நின்றிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். பையன் பஸ்ஸிலேயே நனைத்துக்கொண்டான்.

என் கதையும் அதே கதைதான். அவனை வெளியே தனியாக விட்டுவிட்டு நான் எப்படி உள்ளே போவது? அதனால் பிரயாணம் என்றாலே காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். மூன்று மணி நேரமானாலும் அடக்கிக்கொண்டு வருவேன். நீர்க்கடுப்பு வந்து இரண்டாவது தடவை போனபோது டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். தண்ணீர் குடிக்காமலும் அடக்கியும் வைத்தால் கிருமி தங்குவதற்கு நாமே இடம் கொடுக்கிறோமாம். "பையனுக்குப் போர்டு பார்க்கக் கற்றுக்கொடுங்கள், உங்களுக்கு மருந்து வேண்டாம்" என்றார். கோபத்தில் சொன்னாரோ, யோசித்துச் சொன்னாரோ, எனக்கு அது பிடித்துக்கொண்டது.

கோயமுத்தூரில் படிக்கும் என் மூத்தவள் தீபாவளி லீவுக்கு வந்தபோது, பழைய லேப்டாப்பில் ஒரு பாடத்தை இறக்கிக் கொடுத்தாள். பொது இடங்களில் இருக்கும் அறிவிப்புகளைப் படம் காட்டிச் சொல்லித் தருவது. வெளிநாட்டில் செய்தது, இலவசம். படம் வரும், குரல் வரும், சரியாகத் தொட்டால் கைதட்டும். எங்களவனுக்கு அந்தக் கைதட்டல்தான் பாடம்! ஒன்றரை மாதத்தில் ஸ்டாப், எக்ஸிட், ஆண் பொம்மை, பெண் பொம்மை எல்லாம் பிரமாதமாகச் சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தைகூட, "பரவாயில்லடி, பய தேறிட்டான்" என்றார்கள்.

தெருவில் இறங்கியதும்தான் சங்கதி தெரிந்தது. அந்தப் பாடத்தில் வண்டிகள் எல்லாம் சாலையின் வலது பக்கமாகப் போகின்றன. அதனால் ரோட்டைக் கடக்கும் பிள்ளை முதலில் இடது பக்கம் பார்க்கிறது. என் பையனும் சொல் பிசகாமல் இடது பக்கம் பார்த்தான். நம் ஊரிலோ முதல் வண்டி வருவது வலது கைப்பக்கம்! நான் கையைப் பிடித்திருந்ததால் பிழைத்தோம். எக்ஸிட் என்ற பச்சை விளக்கை அவன் தேடித் தேடிப் பார்த்தான். பச்சையில் ஓடுகிற மனிதன் படத்தை ஜப்பானில் யுகியோ ஓட்டா என்பவர் வரைந்தார்; இப்போது உலகின் பல நாடுகளில் அதுதான் வெளியேறும் வழி. ஆனால் நாங்கள் ஏறி இறங்குகிற கடைகளில் 'வழி' என்று சுண்ணாம்பில் எழுதி அம்பு போட்டிருப்பதுதானே வழக்கம்? ஆண் பொம்மையும் பெண் பொம்மையும் அப்படித்தான். நம் பக்கம் எத்தனை சுவரில் பெரிய மீசை வைத்த முகமும், பூ வைத்த முகமும் பெயிண்டில் சிரித்துக்கொண்டிருக்கின்றன!

அவனுடைய டீச்சரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள். "அக்கா, இது பிள்ளை தப்பில்ல" என்று உட்கார வைத்து விளக்கினாள். சென்னையில் ஜெயச்சந்திரன், விமலா என்ற இருவர் இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு திறன் அட்டவணை செய்திருக்கிறார்கள். 18 பிரிவு, பிரிவுக்கு 20 என்று மொத்தம் 360 திறமைகள். சாப்பிடுவது, உடுத்துவது, காசு எண்ணுவது போல ஊருக்குள் நடமாடத் தெரிவதும் அதில் ஒரு தனிப் பிரிவு. "இவங்க ஒரு இடத்துல கத்துக்கிட்டத இன்னொரு இடத்துக்குத் தானா எடுத்துட்டுப் போக மாட்டாங்க. நாமதான் தூக்கிக் கொடுக்கணும். உங்க ஊர் போர்டைப் படம் எடுத்துக் காட்டுங்க" என்றாள்.

மகளிடம் சொன்னேன். அவள் பரீட்சைக்குப் படிக்க வைத்திருக்கும் ஆங்கி என்ற செயலியைச் சொன்னாள். ஜப்பான் மொழியில் ஆங்கி என்றால் மனப்பாடமாம். கம்ப்யூட்டருக்கு இலவசம், ஆண்ட்ராய்டு போனுக்கு ஆங்கிட்ராய்ட் என்று இருக்கிறது, அதுவும் இலவசம். ஒரு எழுத்து மாறின பெயரில் வேறு சிலதும் உண்டு, பார்த்து இறக்குங்கள். உள்ளே ஒன்றுமே இருக்காது, காலி. அதுதான் நமக்கு வேண்டியது. வெறும் சீட்டுக்கட்டு, சீட்டில் என்ன படம் என்பது நம் இஷ்டம்.

வீட்டுக்காரரின் பழைய போனில் மகள் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல நானே ஏற்றினேன். முன்பக்கம் படம். பின்பக்கம் அதே படமும் என் குரலும். போன் கேமராவில் எடுத்து அங்கேயே சேர்க்கலாம், குரலையும் அதிலேயே பதியலாம். தப்பாகச் சொன்ன சீட்டு ஒரு நிமிஷத்தில் திரும்ப வரும். சரியாகச் சொன்னால் 10 நிமிஷம் கழித்து, அப்புறம் மறுநாள், அப்புறம் சில நாள் என்று தள்ளிப்போகும். பழைய பாடத்தை எப்போது கேட்பது என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாளைக்கு 20 புதுச் சீட்டு என்று வைத்தே வருகிறது. அது நம் பிள்ளைகளுக்கு ஆகாது. நான் 2 என்று மாற்றினேன். விடை சொன்னபின் நாலு பொத்தான் கேட்கும். அதைப் பிள்ளை கையில் விடாமல் நாமே தட்ட வேண்டும். நான் 'மறுபடி', 'சரி' இரண்டைத் தவிர மற்றதைத் தொடுவதே இல்லை. கூடவே போனை விமான நிலையில் போட்டுவிடுங்கள், பாதியில் யாராவது கூப்பிட்டால் அன்றைய பாடம் போச்சு.

படம் எடுக்கப் போனதுதான் கூத்து. கூட்டம் இல்லாத விடியற்காலை, ஆள் விழாமல் எடுக்க வேண்டும் என்று போய் நின்றேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றோடு வந்துவிட்டார். "ஏம்மா, ஊர்ல எடுக்குறதுக்கு வேற எடமே இல்லையா? கக்கூஸப் போய்ப் போட்டோ புடிக்கிற?" விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போர்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இப்ப எடு, எழுத்து நல்லாத் தெரியும்" என்றார்.

இரண்டு வாரத்தில் 'பெண்கள்' என்றதைப் பார்த்ததும் பையன் டக்கென்று சொன்னான். எனக்கு ஒரு சந்தேகம். படத்தின் ஓரத்தில் ஒரு நீல டிரம் விழுந்திருந்தது. அதை வெட்டிவிட்டுக் காட்டினேன், முழித்தான். இத்தனை நாளும் பயல் டிரம்மைத்தான் படித்திருக்கிறான்! அதற்குப் பிறகு ஒரே போர்டு என்று விடுவதில்லை. நத்தம் ரோட்டில் ஒன்று, வத்தலக்குண்டில் ஒன்று, ஒட்டன்சத்திரத்தில் ஒன்று, ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்தில் என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆறேழு முகம். கழிப்பறை, கழிவறை, கழிப்பிடம், டாய்லெட் என்று நாமும்தான் எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்! இப்படிச் சேர்த்த படங்களில் 60-க்கு மேல் ஒரு நாள் போனோடு தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து போயின. இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, சின்ன அம்புக்குறியைத் தட்டினால் எல்லாம் வெளியே பத்திரமாக இருக்கும் என்று மகள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டேனா?

இன்னொன்றும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. ஆண்கள், பெண்கள் இரண்டையும் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று! நாம் யோசிக்காமல் படித்துவிடுகிறோம். அவனுக்கு அது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அத்தைதான் வழி சொன்னார்கள். "முன்னாடி ஒத்தைக் கொம்பு இருந்தா அம்மாவுக்கு. இல்லாட்டித் தம்பிக்கு." அவ்வளவுதான். அந்தக் காலத்துத் திண்ணைப் படிப்பு என்று அலட்சியமாகச் சொல்லக்கூடாது.

மண்டையோடு போட்ட அபாயப் பலகை ஒரே நாளில் வந்துவிட்டது. மின்சார இடங்களில் மண்டையோடும் எலும்பும் உள்ளூர் மொழி எழுத்தும் வேண்டும் என்று 1956-ஆம் வருஷ மின்சார விதிகளிலேயே இருந்தது. படத்துக்குச் சக்தி இல்லாமலா? முதல் பொதுத் தேர்தல் நடந்த 1951-52இல் இந்த நாட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். பெட்டிக்குப் பெட்டி சின்னம் ஒட்டித்தானே ஓட்டு வாங்கினார்கள்! எங்களவனுக்கும் எல்லாக் கட்சிச் சின்னமும் தெரியும், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பச்சை நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சாப்பிடலாம் என்று கற்றுக்கொடுத்திருந்தேன். ஒரு லீவுக்கு என் பிறந்த வீட்டுத் தோட்டத்துக்குப் போனபோது, மோட்டார் ரூமில் இருந்த பூச்சிமருந்து டப்பாவைத் தூக்கிவந்து, "பச்ச... திங்கலாம்" என்றான். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். சிவப்பு கொடிய விஷம், பச்சை அவற்றில் குறைந்த விஷம். குறைந்ததே தவிர, விஷம் இல்லை என்று அர்த்தமில்லை. அன்றிரவே அந்த டப்பாவையும் படம் எடுத்து, 'தொடாதே' என்று அண்ணனின் அதட்டல் குரலில் பதிந்தேன். மருந்தெல்லாம் பூட்டுக்குள் போனது. திண்டுக்கல்காரிக்குப் பூட்டுக்கா பஞ்சம்!

போன மாதம் வேடசந்தூருக்கு ஒரு வளைகாப்புக்காகக் கிளம்பினோம். காலையில் வேண்டுமென்றே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பையன் முந்தானையை இழுத்தான். நான் கையை நீட்டிக் காட்டவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவன் இரண்டு போர்டையும் அண்ணாந்து பார்த்தான். உதடு முணுமுணுத்தது. சரியான கதவுக்குள் போய் மறைந்தான்.

நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். 50 ஆச்சு, 100 ஆச்சு. உள்ளே போன பெரியவர் ஒருவர் வெளியே வந்துவிட்டார். யாரையாவது கூப்பிடலாமா என்று நினைத்தபோது 140. கை சொட்டச் சொட்ட வந்து என் புடவையில் துடைத்தான். பிறகு பக்கத்துப் போர்டைக் காட்டி, "கொம்பு. அம்மா போ" என்றான்.

அவன் கையில் பையைக் கொடுத்து, தூண் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டு வந்தேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தான். அவனும் எண்ணிக்கொண்டிருந்தான். பன்னிரண்டுக்கு மேல் அவனுக்கு வராது, மறுபடி ஒன்றிலிருந்து.