மருந்துக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி

அல்லிநகரத்து மருந்துக்கடைகளின் முன்னால், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி காய்ச்சலுக்கோ சளிக்கோ மாத்திரை கேட்டு நிற்கும் பெண்களைக் காணுந்தோறும், அவர்களுக்கு மருத்துவரினும் சமீபத்தில் இருப்பவர் மருந்தாளுநரே என்ற எண்ணம் என் மனத்தில் வலுப்பெறுகிறது. போடிமெட்டு வழியே ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் அந்தி வேளையில் திரும்பும் தாய்க்கு, கானாவிலக்கு அரசு மருத்துவமனை வரை சென்றுவர அவகாசம் ஏது?

"பால் குடுக்குறியாம்மா?" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் எவ்வளவோ அனர்த்தங்கள் தவிர்க்கப்படும். பாராசிட்டமாலும் இபுபுரூபனும் உரிய அளவில் பாலூட்டும் தாய்மாருக்குப் பொதுவாகத் தீங்கற்றவை. கோடீன் கலந்த இருமல் மருந்தோ பாலின் வழியே சென்று சிசுவின் சுவாசத்தை மந்தப்படுத்தக்கூடியது. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரின் பால் சுரப்பையே குறைத்துவிடக்கூடும். இந்தப் பேதத்தை எடுத்துச் சொல்வார் இல்லாமையால், எந்த மாத்திரையும் குழந்தைக்கு விஷமென்று அஞ்சிப் பாலை நிறுத்திவிட்டுப் புட்டியை நாடும் தாய்மாரை நினைக்கையில் எனக்கு ஆற்றாமை மேலிடுகிறது.

1992-ல் இயற்றப்பட்டு 2003-ல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம், பால்மாவையும் பால்புட்டியையும் விளம்பரப்படுத்துவதைத் தடை செய்கிறது. 2015-ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை விதிகளோ, நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை மருந்தாளுநரின் பணியாகவே வகுத்திருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன. நம் ஊர்க் கடைகளில் அத்தகைய ஆலோசனைக்கென ஒரு நாற்காலியும் சிறு மறைப்பும் அமையவேண்டுமென்பது என் பிரார்த்தனை. பதிவைப் படிக்கும் மருந்தாளுநர்கள் அக்கேள்வியை இன்றே கேட்கத் தொடங்கலாம்.