புள்ளி

முதுமலைக் காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? 1940-லேயே சரணாலயமான காடு. போனால் யானை தென்படாமல் போகலாம், புலி நிச்சயம் ஏமாற்றும். ஆனால் புள்ளிமான் ஏமாற்றாது.

போன டிசம்பரில் குன்னூர் அக்கா குடும்பத்தோடு போனேன். தெப்பக்காடு தாண்டியதும், எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் அத்தான், "அதோ பார், சீத்தல்!" என்றார். இங்கிலீஷ்காரனும் புள்ளிமானை அப்படித்தான் சொல்கிறான்.

நான் படித்தது பி.காம். பற்று, வரவு தவிர வேறொன்றும் அறியேன். ஆனாலும் ஒரு சொல் சிக்கினால் விடமாட்டேன். அகராதியைப் புரட்டியதில் தெரிந்த கதையை அவிழ்த்துவிட்டேன். வடமொழியில் 'சித்ர' என்றால் பிரகாசமானது, பல நிறம் கொண்டது. அதிலிருந்து வந்ததுதான் இந்தியில் சீத்தல். சிவிங்கிப்புலியைச் சொல்லும் 'சீட்டா'வும் அதே வேர். துரத்துகிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் ஒரே குடும்பப் பெயர்! நம்ம சித்திரமும், சித்திரை நட்சத்திரமும், சித்திரை மாசமும் அங்கிருந்து வந்தவைதான்.

"மானுக்குப் புள்ளி இருந்தா சித்திரம். எனக்கு இருந்தா மட்டும் நோயா மாமா?"

பின்சீட்டிலிருந்து அக்கா மகள். பத்தாவது படிக்கிறாள். அந்த வெயிலிலும் கழுத்துவரை ஸ்வெட்டர். உள்ளே வெள்ளைத் திட்டுகள்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷம் முன்னால் அக்கா போனில் விஷயத்தைச் சொன்னபோது, "ஐயையோ, வெண்குஷ்டமா?" என்று கேட்டவன் நான். ஸ்பீக்கரில் இவளும் கேட்டிருக்கிறாள்.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் சில இடங்களில் அழிந்துபோவதால் வருகிற வெண்மை அது. தொற்றாது. தொழுநோய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பழைய பெயரை விட்டு 'வெண்புள்ளி' என்றே சொல்லவேண்டும் என்று 2010-ல் தமிழக அரசே ஆணை போட்டது. சொல்லை வைத்துப் பிழைக்கிற எனக்கு அது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

"அப்போ நீங்க போன்ல சொன்னது தப்புதானே?"

"தப்புதான்மா."

அவள் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. ஒரு கைச்சட்டையை மட்டும் முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு மான்களைப் போட்டோ எடுத்தாள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வைத்தியத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். பெயரை மட்டும் நாம் சரியாகச் சொல்வோமே!