கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்



எங்கள் மத்ரஸாவின் மாடியில் பெண்களுக்கென ஓர் அறை உண்டு. 14 அடி நீளம், 10 அடி அகலம். வெள்ளிதோறும் கீழ்த்தளத்தில் நடைபெறும் பயானை அங்கே 25 பெண்கள் வரை நெருங்கி அமர்ந்து கேட்கின்றனர். அவ்வறைக்கு ஒலிபெருக்கி வாங்க ஜமாஅத்தார் முன்வந்தபோது, அதை எங்கே பொருத்துவது என்னும் கேள்வி எழுந்தது.

மின்பணியாளர் கதவின் மேற்புறத்தைக் காட்டினார். மின் இணைப்பு அங்கேயே இருக்கிறது. கம்பிச் செலவும் மிச்சம். ஆயினும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மார், பிள்ளை அழுதால் எழுந்து செல்வதற்காகக் கதவருகில்தான் அமர்வர். காது மங்கிய மூதாட்டிகளோ எதிர்முனைச் சுவரில் சாய்ந்திருப்பர். ஒலியைக் கூட்டினால் உறங்கும் குழந்தை விழித்துத் தாய் வெளியேறுவாள். குறைத்தால் மூதாட்டிகள் நாளடைவில் வராமலே நின்றுவிடுவர். எப்படியும் ஒரு சாராருக்கு மார்க்கச் சொல் எட்டாமற் போகும்.

இது அற்பமான கவலை அன்று. ஒரு பெருநாளில் உரையாற்றிய பின், தம் பேச்சு பெண்களுக்குக் கேட்டிருக்காது என எண்ணிய நபி (ஸல்) அவர்கள், பிலால் (ரலி) அவர்களுடன் பெண்களிடமே சென்று உபதேசித்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. கேட்காதவர் எழுந்து வந்து முறையிடட்டும் என அவர்கள் காத்திருக்கவில்லை.

ஒலியின் இயல்பையும் நாங்கள் கருத்தில் கொண்டோம். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். சிறிய அறையில் அவ்வளவு குறையாது. ஆனால் வெறுஞ்சுவரும் ஓடு பதித்த தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கும். அப்போது சத்தத்தைக் கூட்டுவதால் தெளிவு கூடாது. ஒரு பெரிய பெட்டியை உரக்க ஒலிக்க விடுவதைவிட, இரண்டு சிறிய பெட்டிகளைச் செவிக்கு அருகில் வைத்து மெல்ல ஒலிக்க விடுவதே நலம்.

முடிவைப் பெண்களிடமே விட்டோம். அவரவர் வழக்கமான இடத்தில் அமர்ந்தனர், மின்விசிறிகள் ஓடின. கீழே ஒருவர் மைக்கில் சில பெயர்களை வாசித்தார். மேலே இருந்தோர் தமக்குக் கேட்டதை எழுதினர். பெட்டிகளை இடம் மாற்றி மீண்டும் வாசித்தோம். கடைசி வரிசையும் பிழையின்றி எழுதிய இடமே தேர்வாயிற்று. சன்னல் உள்ள நீளச் சுவரில், உட்புறம் நோக்கிச் சற்றுக் கீழே சாய்த்து, ஒன்றை மூதாட்டிகள் பக்கமும் மற்றொன்றை நடுவிலும் பொருத்தினோம். எதிர்ச்சுவரில் கனத்த திரையும் தரையில் விரிப்பும் இட்டோம். கதவருகே பெட்டி இல்லை.

சன்னலுக்கு அப்பால் அண்டை வீடு இருக்கிறது. பெட்டிகள் அதற்கு முதுகு காட்டியே இருக்கின்றன. தொழுகையில் ஓதும் குரலுக்குக்கூட மிக உரக்கவும் மிக மெல்லவும் இல்லாத இடைவழியைக் காட்டுகிறது பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 110ஆம் வசனம். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன.

உங்கள் மஹல்லாவிலும் இத்தகைய அறை இருக்கக்கூடும். அடுத்த பயான் முடிந்ததும், அங்கே கடைசியில் அமர்ந்திருந்த சகோதரியிடம் என்ன கேட்டது என்று விசாரியுங்கள். கேட்டதன்படி நடக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.